ஆல்பத்தைப் புரட்டுற கை

போன மாசம் கோயம்புத்தூர் பக்கம் ஒரு காலேஜ்ல விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) பசங்களோட போர்ட்ஃபோலியோவை, அதாவது அவங்க பண்ண வேலையைச் சேத்து வச்ச தொகுப்பை, ரிவியூ பண்ணணும்னு கூப்பிட்டிருந்தாங்க, போயிருந்தேன். மொத்தம் 23 பேர், ஆளுக்கு பத்து நிமிஷம். மதியச் சாப்பாட்டுக்குள்ள 14 பேரை முடிச்சுட்டேன், அதுல 9 பேர்கிட்ட ஒரு கற்பனை காபிக்கடைக்கு ப்ராண்டிங் இருந்துச்சு. அதே பிரவுன் பேப்பர் கப், அதே கொஞ்சம் சாஞ்சு நிக்கிற மாக்கப் (டிசைனை நிஜப் பொருள் மேல வச்ச மாதிரி காட்டுற படம்), பக்கத்துல அதே ரெண்டு யூகலிப்டஸ் இலை. ஒரு பையன்கிட்ட சும்மா கேட்டேன், தம்பி நீங்க கடைசியா எங்க காபி குடிச்சீங்கன்னு. "கேன்டீன்ல சார், எவர்சில்வர் டம்ளர்ல"ன்னான். அவனுக்கே சிரிப்பு வந்துருச்சு.

தப்பு அவங்க மேல இல்ல. இன்ஸ்பிரேஷன் வேணும்னா எல்லாரும் பின்ட்ரெஸ்ட்டைத்தான் தொறக்கறாங்க, அது எல்லாருக்கும் ஒரே படத்தைத்தான் காட்டுது, அதைப் பாத்து வரைஞ்சா எல்லாரும் ஒரே மாதிரிதான் வரைவாங்க, இதுல ஆச்சரியம் என்ன இருக்கு.

சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு பொண்ணு வந்துச்சு, திருச்செங்கோடு பக்கம். லேப்டாப்பைத் திறந்து காட்டினா, அதேதான், காபிக்கடை, அப்புறம் ஒரு ஸ்கின்கேர் பிராண்ட், ஒரு மியூசிக் ஆப். நல்ல கைதான், ஆனா எனக்கு ஏற்கனவே பாத்தது மாதிரியே இருந்துச்சு. நோட்டு ஒண்ணு கைல வச்சிருந்தா, அது என்னம்மானு கேட்டேன். "அது சும்மா கிறுக்குனதுங்க சார், இதுல சேக்கலைங்க"ன்னு பின்னால மறைச்சா. குடும்மா பாக்கலாம்னு வாங்கிப் பாத்தா, லாரி.

அவங்க அப்பா லாரிக்கு பாடி கட்டுற பட்டறைல வேலை பாக்கறாராம். சின்ன வயசுலேருந்து சாயங்காலம் பட்டறைக்குப் போயிருக்கா, அங்க எழுத்து எழுதுற ஆர்ட்டிஸ்ட் அண்ணா ஒருத்தர் சாக்பீஸ் தடவுன நூலை ரெண்டு முனைலயும் இழுத்துப் பிடிச்சு சுண்டி விட்டு கோடு போடுவாராம், அந்தக் கோட்டுக்குள்ள எனாமல் பெயிண்ட்ல எழுதுவாராம். இவ அதை அப்படியே பாத்து எழுதி வச்சிருக்கா. மஞ்சப் பட்டைல சிவப்பு எழுத்து, வலப்பக்கம் கறுப்பு நிழல், மேல வெள்ளைல ஒரு மின்னல் கோடு. ஒவ்வொரு பக்கத்துலயும் ஓரமா எத்தனாம் நம்பர் பிரஷ்னு பென்சில்ல குறிச்சிருக்கா. ஒரு பக்கத்துல வெறும் 'ழ' மட்டும், பதினோரு 'ழ', பதினோரு லாரிலேருந்து, ஒவ்வொண்ணோட வாலும் ஒவ்வொரு மாதிரி, ஒண்ணு மயில் தோகையாவே போயிருச்சு. நான் அந்தப் பக்கத்துலயே நின்னுட்டேன். பத்து நிமிஷம் இருபது ஆயிருச்சு, பின்னால க்யூல நின்ன பசங்க எட்டிப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க.

இதை ஏன் போர்ட்ஃபோலியோல வைக்கலைன்னு கேட்டதுக்கு அவ சொன்ன பதில்தான் இந்தப் போஸ்ட்டை எழுத வச்சுது. "இதெல்லாம் டிசைன் இல்லீங்களே சார், இது பெயிண்டர் வேலைங்க."

எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா 20 வயசுல நானும் இதையேதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எனக்கு ஊர் சிவகாசி. அப்பா ஆஃப்செட் பிரஸ்ல மிஷின்மேன். எங்க வீட்ல ஸ்கூல் நோட்டுக்கு பிரவுன் ஷீட் வாங்கினதே கிடையாது, பிரஸ்ல வேஸ்ட்டாப் போற லேபிள் ஷீட்டுதான் அட்டை. கணக்கு நோட்டுக்கு சரவெடி லேபிள், சயின்ஸுக்கு தீப்பெட்டி லேபிள், ஒரு ஷீட்ல அதே கிளி நாப்பது தடவை இருக்கும், ரிஜிஸ்டர், அதாவது ஒரு கலர் மேல இன்னொரு கலர் சரியா உக்கார்றது, விலகி கிளியோட சிவப்பு மூக்கு மூக்கை விட்டு ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி நிக்கும். 1922ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துட்டு வந்தாங்கன்னு எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். தீப்பெட்டின்னு வந்தா அதுக்கு மேல ஒட்ட லேபிள் வேணும்ல, அப்படித்தான் பிரஸ்ஸும் ஊருக்குள்ள வளந்துச்சு. அதாவது எங்க ஊரே ஒரு பேக்கேஜிங் டிசைன் ஊர். அங்கேருந்து சென்னைக்குப் படிக்கப் போன நான் என்ன பண்ணேன்னா, ஸ்விஸ் போஸ்டர் மாதிரி வெள்ளைத் தாள்ல ஓரமா சின்னதா ஹெல்வெட்டிகா ஃபான்ட் போட்டு வச்சேன். ஊர் எதுன்னு கேட்டா மதுரைப் பக்கம்னு சொல்லுவேன்.

செல்ஃப் ப்ரொமோஷன்னா என்னன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்தக் காலேஜும் இல்ல, எங்க தெருவுல இருந்த காலண்டர் ஏஜென்ட் மாமாதான். சிவகாசில ஆடி 18 அன்னைக்கு அடுத்த வருஷக் காலண்டருக்கு ஆல்பம் போடுவாங்க. ஆல்பம்னா எல்லா டிசைனும் வரிசையா சேத்த பெரிய சாம்பிள் புக்கு, தூக்கினா தோள் வலிக்கும். ஏஜென்ட் அதைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா, நகைக்கடை, ஜவுளிக்கடை, உரக்கடைன்னு ஏறி இறங்குவார். ஒரு லீவுல கூட வாடான்னு என்னையும் கூட்டிட்டுப் போனார். கடைக்காரர் கல்லால உக்காந்துக்கிட்டு, ஒரு கைல போன் பேசிக்கிட்டே, இன்னொரு கையால ஆல்பத்தைப் பொரட்டுறார். நான் அவர் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருக்கேன், பிடிச்சுதா இல்லையான்னு. வெளிய வந்ததும் மாமா சொன்னார், "மாப்ள, மூஞ்சியப் பாக்காத, பொரட்டுற கையப் பாரு. எங்க நிக்குதோ அதான் ஆர்டரு."

அடுத்த கடைல கையைப் பாத்தேன். பிள்ளையார், பிள்ளையார், லட்சுமி, குழந்தை, அருவின்னு வேகமாப் போன கை, ஒரு முருகன்ல வந்து அரை செகண்ட் நின்னுச்சு. அப்புறம் மறுபடி வேகமாப் போயிருச்சு. மாமா ஒண்ணும் சொல்லாம முழு ஆல்பமும் முடியறவரை காத்துக்கிட்டிருந்து, கடைசில அந்த முருகனுக்குத் திரும்பி "அண்ணாச்சி, இது போன வருஷம் நம்ம லைன்ல யாருமே போடல"ன்னார். ஆர்டர் ஆயிருச்சு. இன்னைக்கு வரைக்கும் எந்த க்ளையன்ட் மீட்டிங் போனாலும் நான் கையைத்தான் பாக்கறேன். இப்பல்லாம் போன்ல பாக்கறதால கட்டைவிரல். ஸ்க்ரோல் பண்ற கட்டைவிரல் எங்க நிக்குதோ அங்கதான் உங்க வேலை இருக்கு.

அந்த ரிவியூல என் கை லாரில நின்னுச்சு, அவ்ளோதான் விஷயம்.

இன்ஸ்பிரேஷன், செல்ஃப் ப்ரொமோஷன்னு ரெண்டைத் தனித்தனியாப் பிரிச்சு ஏன் பாடம் எடுக்கறாங்கன்னு எனக்குப் புரியல. என்னைக் கேட்டா ரெண்டும் ஒரே வேலை. நீங்க மட்டும் பாத்த ஒரு விஷயம் உங்ககிட்ட இருந்தா அதைச் சொல்றதுக்கு கூச்சம் வராது, பேசிக்கிட்டே இருக்கலாம். அந்தப் பொண்ணு காபிக்கடை ஸ்லைடுக்கு "மினிமல் அண்ட் மாடர்ன்"னு ரெண்டு வார்த்தைதான் சொன்னா, லாரி நோட்டுக்கு பத்து நிமிஷம் மூச்சு விடாமப் பேசினா.

எங்க போய்ப் பாக்கறதுன்னு கேப்பீங்க. முதல்ல ஓவியர் சில்பி. ஆனந்த விகடன்ல கோயில் சிற்பமா வரைஞ்சு தள்ளினவர், நேரா கோயிலுக்கே போய் சிலைக்கு முன்னால உக்காந்து வரைஞ்சார். ஒரே ஒரு தூணுக்கு முன்னால ஒரு நாள் உக்காந்து பாருங்க, நீங்க நினைக்கறது எவ்ளோ தப்புன்னு பென்சிலே சொல்லிரும். கோபுலு கும்பகோணம் ஓவியப் பள்ளில படிச்சு, பத்திரிகைல நகைச்சுவைப் படமா போட்டு, அப்புறம் விளம்பரத் துறைக்குப் போனவர். இல்லஸ்ட்ரேஷன்லேருந்து டிசைனுக்குப் போலாமான்னு இன்னைக்கு பசங்க கேக்கறாங்க, அவர் எப்பவோ போய்ட்டார். ஓவியர் ஆதிமூலம் காந்தி நூற்றாண்டு சமயத்துல, 1969 வாக்குல, காந்தியைக் கோட்டோவியமா தொடர்ந்து வரைஞ்சார், ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப. அதே ஆள்தான் சிறுபத்திரிகைகளுக்கு அட்டையும் தலைப்பெழுத்தும் போட்டுக் கொடுத்தார், அந்தக் காலத்துப் புத்தக அட்டைகள்ல அவர் எழுத்தை எட்டடி தள்ளி நின்னே கண்டுபிடிச்சிரலாம். இப்ப அக்டோபர்ல தினம் ஒரு மைப் படம்னு 31 நாள் இன்க்டோபர் சேலஞ்ச் பண்றோம்ல, அதை 2009ல ஜேக் பார்க்கர்னு ஒரு அமெரிக்க ஆர்ட்டிஸ்ட் ஆரம்பிச்சார், நல்ல விஷயம்தான், ஆனா 31 நாளும் 31 வேற வேற விஷயமா வரையாம ஒரே விஷயத்தை 31 தடவை வரைஞ்சு பாருங்க. உங்க தெரு சைக்கிள் கடை. ஒரே பாட்டி. ஒரே 'ழ'.

எங்க பக்கத்து ஊர் கோவில்பட்டில கொண்டையராஜுன்னு ஒருத்தர் இருந்தார், 1898ல பொறந்து 1976ல காலமானவர். அவரும் அவர் சிஷ்யங்களும் வரைஞ்ச சாமி படம்தான் காலண்டர் வழியா வீட்டுக்கு வீடு பூஜை ரூமுக்குப் போச்சு. கேலரி எதுவும் இல்ல, ஃபாலோயர் கவுன்ட் இல்ல, ஆணியும் செவுரும்தான்.

சென்னைல இருக்கற பசங்க தரமணில ரோஜா முத்தையா நூலகத்துக்கு ஒரு தடவையாவது போங்க. அந்த ரோஜா முத்தையா யாருன்னு பாத்தா கையால போர்டு எழுதுற ஆர்ட்டிஸ்ட், செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர், பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ்னு சேத்து வச்சுக்கிட்டே இருந்தவர். அவர் காலத்துக்கு அப்புறம் அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994லேருந்து நூலகமா இருக்கு. ஒரு சைன்போர்டு ஆர்ட்டிஸ்ட்டோட இன்ஸ்பிரேஷன் ஃபோல்டர்னு வச்சுக்கோங்களேன். அங்க 1940கள் விளம்பரத்தைப் பாத்தீங்கன்னா 'லை' எழுத்து கொம்பு வச்சு யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கும். 1978ல எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தப்ப அதெல்லாம் மாறிருச்சு. இன்னைக்கும் சில பழைய கடை போர்டுல அந்தத் தும்பிக்கை தொங்கிக்கிட்டிருக்கு, போட்டோ எடுத்து வைங்க, போர்டு மாறினா போச்சு.

தமிழ் எழுத்துன்னு சொன்னதும் என் மானம் போன கதை ஒண்ணு ஞாபகம் வருது. படிச்சு முடிச்ச புதுசுல ஒரு தமிழ்ப் பத்திரிகை ஆபீஸ்க்கு போர்ட்ஃபோலியோ எடுத்துட்டுப் போனேன். கலர் பிரின்ட், ஸ்பைரல் பைண்டிங், அட்டைல பெருசா "கோடுகளும் வண்ணங்களும்"னு. ஆசிரியர் கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு அட்டையைப் பாத்தார், உள்ள பொரட்டவே இல்ல. "தம்பி, தலைப்பே ஒடைஞ்சு கெடக்கே"ன்னார். 'கோ'வுல கொம்பு முன்னால வராம 'க'வுக்குப் பின்னால போய் ஒரு புள்ளி வட்டத்தோட தனியா நிக்குது. நான் மூணு நாள் அதைப் பாத்துக்கிட்டிருந்திருக்கேன், கண்ணுக்குப் படவே இல்ல, ஏன்னா நான் அதைப் படிக்கல, படமா மட்டும் பாத்திருக்கேன். அதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது, அப்ப இருந்த போட்டோஷாப்ல ப்ரிஃபரன்ஸ் போய் டைப்புக்குள்ள வேர்ல்ட் ரெடி லேஅவுட்னு ஒண்ணை மாத்தணும், இன்டிசைன்ல வேர்ல்ட் ரெடி கம்போசரை எடுக்கணும், இல்லேன்னா தமிழ் இப்படித்தான் சிதறும். இதை இன்னைக்கும் பெரிய பெரிய ஃப்ளெக்ஸ்ல பாக்கறேன். தமிழை ஒழுங்கா செட் பண்ணத் தெரிஞ்சாலே நீங்க பாதிப் பேரைத் தாண்டிட்டீங்க, நிஜமாவே. ஃபான்ட் இல்லைன்னு சாக்கு சொல்லாதீங்க, கேட்டமரன், முக்த மலர், ஹிந்த் மதுரை, பாலு தம்பி, பவனம், கவிவனார் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸ்ல சும்மாவே கிடைக்குது.

சரி, அடுத்து கூச்சம். நம்ம வீட்ல எல்லாம் "சும்மா பீத்திக்காத"ன்னு சொல்லியே வளத்துட்டாங்க. வேலை நல்லா இருந்தா தானா தேடி வரும்னு ஒரு நம்பிக்கை. வராதுங்க. ஆல்பத்தைத் தூக்கிக்கிட்டு யாராவது கடை ஏறணும். ரூபாய் குறியீட்டை எடுத்துக்கோங்க, உதயகுமார், கள்ளக்குறிச்சிக்காரர், ஐஐடி பாம்பேல படிச்சவர், 2010 ஜூலை 15 அன்னைக்கு மத்திய அமைச்சரவை அவரோட டிசைனை ஏத்துக்குச்சு. மூவாயிரத்துக்கும் மேல வந்த என்ட்ரில ஒண்ணு. தேவநாகரி 'ர'வும் ரோமன் 'ஆர்'ரும் சேந்தது, மேல இருக்கற ரெண்டு கோடும் நடுவுல இருக்கற வெள்ளையும் கொடி மாதிரின்னு ஒரே மூச்சுல சொல்லிரலாம். சின்னப் புள்ளைக்குக் கூட புரியும். தன்னோட டிசைனை இப்படி ரெண்டு வரில சொல்ல முடியறது பீத்திக்கிறது இல்ல, அதுவும் டிசைன் வேலைதான். இன்னொண்ணு, அவர் அதுக்கு முன்னாலேருந்தே தமிழ் எழுத்துருவுல ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தவர், எழுத்தோட எலும்பு அவருக்குத் தெரியும்.

இனி கொஞ்சம் நடைமுறை. போர்ட்ஃபோலியோல எட்டு வேலை போதும், பத்துக்கு மேல வேண்டாம். சுமாரா ஒண்ணு இருந்தா அது மத்த ஏழையும் கீழ இழுத்துரும். பிடிஎஃப் 10 எம்பிக்குள்ள இருக்கணும், ஃபைல் பேர்ல உங்க பேர் இருக்கணும், "ஃபைனல் நியூ 2"னு அனுப்பினீங்கன்னா அந்த ஆளோட டவுன்லோட் ஃபோல்டர்ல ஏற்கனவே அதே பேர்ல நாலு இருக்கும். கடைசிப் பக்கத்துல போன் நம்பர். இதைச் சொல்லணுமான்னு நினைப்பீங்க, அந்த 23 பேர்ல ஆறு பேர்கிட்ட நம்பரே இல்ல.

மெயில் அனுப்பறப்ப "டியர் சார் ஆர் மேடம்"னு ஆரம்பிக்காதீங்க. புத்தகக் கடைல போய் உங்களுக்குப் பிடிச்ச அட்டை இருக்கற அஞ்சு புத்தகத்தை எடுத்து, உள்ள ரெண்டாம் பக்கத்துல பாருங்க, பதிப்பகம் பேர், அட்டை வடிவமைப்பு யாரு, உள்ளோவியம் யாருன்னு போட்டிருப்பாங்க. அந்தப் பதிப்பகத்துக்கு, அந்தப் புத்தகத்தைப் பத்தி ஒரு வரி எழுதி, உங்க வேலை மூணு மட்டும் வச்சு அனுப்புங்க. ஜனவரில சென்னைப் புத்தகக் காட்சில பதிப்பகத்துக்காரங்க ஸ்டால்லயே உக்காந்திருப்பாங்க, கூட்டமில்லாத வேலை நாள் மதியமாப் போங்க, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போய் போர்ட்ஃபோலியோ காட்டினா திட்டுதான் விழும். குழந்தைகளுக்குப் படம் வரையணும்னு ஆசை இருக்கறவங்களுக்கு சென்னைலயே துளிகா பதிப்பகம் இருக்கு, தாரா புக்ஸ் இருக்கு. தாரா புக்ஸ் கோண்டு பழங்குடி ஓவியர்களோட சேந்து கைல ஸ்க்ரீன் பிரின்ட் அடிச்ச மரங்கள் பத்தின புத்தகத்துக்கு 2008ல இத்தாலில பொலோனா குழந்தைகள் புத்தகக் காட்சில விருது கிடைச்சுது, தாளைத் தொட்டுப் பாக்கவே ஒரு தடவை போலாம்.

நம்ம ஊர்ல முக்கால்வாசி வேலை வாட்ஸ்அப்லதான் வருது, அதனால ஒரு சின்ன விஷயம், படத்தை போட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமென்ட்டா அனுப்புங்க, போட்டோவா போனா அது நசுக்கி கலரையெல்லாம் கெடுத்துரும். இன்ஸ்டால 2025 ஜனவரிலேருந்து ப்ரொஃபைல் கட்டம் சதுரத்துலேருந்து நெட்டுவாக்குக்கு மாறிருச்சு, பழைய சதுரப் படமெல்லாம் ரெண்டு பக்கமும் வெட்டுப்பட்டு நிக்குது, உங்க பக்கத்தை ஒரு தடவை வேற யார் போன்லயாவது பாத்துருங்க. லைக் கணக்குப் பாக்காதீங்கன்னு சொன்னா யாரும் கேக்கப் போறதில்ல, நானே பாக்கறேன். ஆனா எனக்கு இதுவரை வேலை குடுத்த யாரும் என் போஸ்ட்டுக்கு லைக் போட்டவங்க இல்ல, சத்தமில்லாம பாத்துட்டு ஆறு மாசம் கழிச்சு மெசேஜ் பண்ணவங்கதான். முடிஞ்ச படத்தை மட்டும் போடாம வேலை நடக்கறதைப் போடுங்க, பென்சில் ஸ்கெட்ச், வேண்டாம்னு விட்டது, கை தெரியற மாதிரி. ஏஐ வந்த பிறகு இது இன்னும் முக்கியம் ஆயிருச்சு. 2025 மார்ச்ல எல்லாரும் கல்யாண போட்டோவை ஏஐ வச்சு ஜப்பானோட கிப்லி அனிமேஷன் ஸ்டைல்ல மாத்தி போட்டாங்கல்ல, அந்த வாரம் ஒரு பொண்ணு எனக்கு மெசேஜ் பண்ணி அழுதுச்சு, அண்ணா நான் நாலு வருஷமா இந்த ஸ்டைல்தான் பழகினேன்னு. என்ன சொல்றதுன்னு தெரியல. அப்புறம் சொன்னேன், ஸ்டைல் எப்பவுமே கடன் வாங்கினதுதான்மா, நீ பாத்த தெருவை அது பாக்கலைன்னு. கொஞ்சம் சமாதானம் ஆச்சு, முழுசா ஆகல, எனக்கும்தான்.

காசுள்ள பசங்க வெப்சைட் வச்சுக்கோங்க, இல்லாதவங்களுக்கு பிஹான்ஸ்னு ஃப்ரீயா வேலையைப் போட்டு வைக்கற சைட் போதும். ஒரு ஏ4 தாளை மடிச்சு நடுவுல ஒரு வெட்டு வெட்டினா எட்டுப் பக்க ஜைன், அதாவது கையால பண்ற குட்டிப் புத்தகம், ஆயிரும், கறுப்பு வெள்ளைல ஜெராக்ஸ் போட்டா ஒரு டீ காசு கூட ஆகாது, விசிட்டிங் கார்டுக்குப் பதிலா அதைக் குடுங்க, யாரும் தூக்கிப் போட மாட்டாங்க. சென்னைல 2024லேருந்து காமிக் கான் நடக்குது, அங்க ஆர்ட்டிஸ்ட்டுங்க டேபிள் போட்டு உக்காந்திருக்கறதைப் பாருங்க, எவ்ளோ விக்குதுன்னு பாக்காம எதைக் கைல எடுத்துட்டுத் திரும்ப வைக்கறாங்கன்னு பாருங்க. கை, மறுபடி கைதான்.

ஃப்ரீ வேலை. சித்தப்பா பொண்ணு கல்யாணப் பத்திரிகை, பக்கத்து வீட்டு அக்கா பொட்டிக் லோகோ, "நல்லா பண்ணிக் குடு தம்பி, நாலு பேர்கிட்ட சொல்றேன்". அந்த நாலு பேரும் வருவாங்க, ஃப்ரீயா கேக்கத்தான் வருவாங்க. அமெரிக்க டிசைனர் மில்டன் கிளேசரே ஐ லவ் நியூயார்க் லோகோவை சும்மாதானே பண்ணிக் குடுத்தார்னு ஒரு பையன் என்கிட்ட சண்டை போட்டான். உண்மைதான், டாக்ஸில போறப்ப ஒரு கவர் பின்னால சிவப்பு க்ரேயான்ல கிறுக்கினது, இப்ப நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியத்துல இருக்கு. ஆனா அப்ப அவர் இருபது வருஷத்துக்கு மேல பேர் வாங்கின ஆளு, தன் ஊருக்குத் தானாக் குடுத்தார். நீங்க ஃபைனல் இயர், ஹாஸ்டல் பீஸ் பாக்கி. அதுக்கு கரோலின் டேவிட்சன் கதைதான் பொருத்தம். போர்ட்லண்ட்ல டிசைன் ஸ்டூடன்ட், 1971ல நைக்கி ஷூவோட ஸ்வூஷ் லோகோவை வரைஞ்சு 35 டாலருக்கு பில் போட்டாங்க. 1983ல கம்பெனியா கூப்பிட்டு ஷேர் குடுத்து மரியாதை பண்ணுச்சு. எல்லா கம்பெனியும் 12 வருஷம் கழிச்சுக் கூப்பிடாது.

என்னை ஒருத்தரும் கூப்பிடல. ஒரு கடைக்கு காலண்டர்க்குன்னு பிள்ளையார் வரைஞ்சு குடுத்தேன், ஏழாயிரம் ரூபா. வாய்ப்பேச்சுதான். மூணு வருஷம் கழிச்சு ஒரு தீபாவளிக்கு யாரோ வீட்ல குடுத்த ஸ்வீட் டப்பாவைத் திறக்கப் போறேன், மூடில என் பிள்ளையார் உக்காந்திருக்கார், துதிக்கைல நான் வச்ச மோதகத்தை எடுத்துட்டு லட்டு வச்சிருக்காங்க. சட்டம் தெரிஞ்ச நண்பர்கிட்ட ஓடினேன். 1957 காப்பிரைட் சட்டத்துல 17வது பிரிவைக் காட்டினார், காசு குடுத்து ஒருத்தர் கேட்டு வரைஞ்ச பெயிண்டிங், போர்ட்ரெய்ட்டுக்கு, வேற ஒப்பந்தம் எதுவும் இல்லேன்னா, கேட்டவர்தான் முதல் உரிமையாளர். படிச்சுட்டு லட்டை சாப்பிட்டேன், வேற என்ன பண்றது. அன்னைலேருந்து ஒரு பக்கம் எழுதாம பென்சிலைத் தொடறதில்ல. எதுக்காக வரையறேன், எத்தனை வருஷத்துக்கு, எந்த ஊர்ல எல்லாம் பயன்படுத்தலாம், காப்பிரைட் யாருக்கு, மாத்தி வரையலாமா கூடாதா, எத்தனை கரெக்ஷன் வரைக்கும் இந்தக் காசு. உரிமையை எழுதிக் குடுத்தாலும் வருஷம் போடலைன்னா 5 வருஷம், இடம் போடலைன்னா இந்தியாவுக்குள்ளன்னு 19வது பிரிவு எடுத்துக்கும், ஆனா அதை நம்பி இருக்காம நீங்களே எழுதிருங்க. பாதி காசு முன்பணம். மெயில்ல "ஓகே"ன்னு ஒரு பதில் வாங்கிட்டுத்தான் ஆரம்பிக்கணும். கம்பெனிக்காரங்க 10 சதவீதம் டிடிஎஸ்னு வருமான வரியை முன்னாடியே பிடிச்சுட்டு அனுப்புவாங்க, காசு கம்மியா வந்துருச்சுன்னு சண்டைக்குப் போகாதீங்க, ரிட்டர்ன் தாக்கல் பண்ணி கேட்டு வாங்கிக்கலாம், நான் முதல் தடவை சண்டைக்குப் போனேன்.

வேற என்ன. ஆமா, அப்பா. அப்பா ரிட்டயர் ஆனப்புறம் வீட்டுப் பரண்லேருந்து ஒரு ட்ரங்குப் பெட்டியை இறக்கினோம். உள்ள லேபிள். மேக்ரெடி பண்றப்ப, அதாவது அச்சடிக்க மிஷினைத் தயார் பண்றப்ப, முதல்ல வர்ற ஷீட்டு, கலர் சரியா வராத, ரிஜிஸ்டர் ஆகாத ஷீட்டு, முப்பது வருஷத்துக்குச் சேத்து வச்சிருக்கார். ஏன்ப்பா தப்பா வந்ததையே வச்சிருக்கீங்கன்னு கேட்டேன். "சரியா வந்ததெல்லாம் கடைக்குப் போயிருச்சுல்ல"ன்னார். அந்தத் தள்ளி நிக்கற சிவப்பு மூக்கைத்தான் இப்ப என் வேலைல வேணும்னே கொண்டு வர்றேன், சிவப்பை மட்டும் ரெண்டு மில்லிமீட்டர் நகத்தி வச்சிருவேன். இது உங்க ஸ்டைலா சார்னு கேக்கறாங்க. எங்க அப்பா ஷிஃப்ட்ல நடந்த தப்பு சார்னு சொல்லுவேன், அப்படியே சிவகாசி, கிளி, கணக்கு நோட்டுன்னு பேச்சு போகும், பேச்சு முடியறப்ப பெரும்பாலும் வேலை கைக்கு வந்திருக்கும்.

அந்த திருச்செங்கோட்டுப் பொண்ணுகிட்ட லாரியை முதல் பக்கத்துல வை, அந்த ஆர்ட்டிஸ்ட் அண்ணாகிட்ட அனுமதி கேட்டு அவர் பேரையும் போடுன்னு சொல்லிட்டு வந்தேன். நேத்து பிடிஎஃப் அனுப்பியிருந்தா, வாட்ஸ்அப்ல, டாக்குமென்ட்டாதான். 38 எம்பி. அண்ணா பேர் இருக்கு, பட்டறை போட்டோ இருக்கு, பதினோரு 'ழ'வும் ஒரே பக்கத்துல அழகா வரிசையா நிக்குது. நாலாம் பக்கத்துல. முதல் மூணு பக்கம் இன்னும் காபிக்கடைதான்.